‘வேதேதி’: ஒரு வினைச்சொல்லின் வரலாறு

கிரேக்கப் புதிய ஏற்பாட்டைக் கற்கும் மாணவர் ‘ஒய்தா’ என்னும் வினையை முதன்முறை சந்திக்கையில் மயங்குவதுண்டு. வடிவில் அது முற்றுநிலைக் காலம், பொருளிலோ நிகழ்காலம். ‘கண்டிருக்கிறேன், ஆகவே அறிகிறேன்’ என்பதே அதன் பழைய உட்கருத்து. இதற்கு ஸ்லாவிய மொழிகளில் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதன் வரலாறு அருளுரை ஆயத்தம் செய்யும் நமக்குப் பயன்தருவதாகும்.

ஸ்லாவிய மொழிகளின் தாயாகிய மூல ஸ்லாவியம் எழுத்தில் கிடைக்கவில்லை. சேய்மொழிகளை ஒப்பிட்டே அறிஞர் அதனை மீட்டமைத்தனர். ‘அறிதல்’ எனப் பொருள்படும் ‘வேதேதி’ அவ்வாறு பெறப்பட்டதே. ஆதலின் அதன்முன் உடுக்குறி இடுவது மரபு. அதன் இந்தோ-ஐரோப்பிய வேருக்குக் ‘காணுதல்’ என்பது பொருள். இலத்தீன் ‘வீதெயோ’ (காண்கிறேன்), ஜெர்மன் ‘விஸ்ஸன்’ (அறிதல்), வடமொழி ‘வேத’ ஆகியனவும் அவ்வேரில் கிளைத்தவை. திருமறையை நாம் வேதாகமம் என்கையில் அவ்வேரையே நாவில் எடுக்கிறோம். தமிழின் ‘தெரிதல்’ இவற்றுக்கு உறவன்று; ஆயினும் காட்சியையும் அறிவையும் அதுவும் ஒருங்கே குறிப்பது சிந்திக்கற்பாலது.

செக், போலிஷ், ஸ்லோவீனிய மொழிகளில் இவ்வினை இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. செக் மொழியில் அறிவியலுக்குப் பெயரே ‘வியெதா’. ருஷிய மொழியிலோ வினை நூல்வழக்காக ஒதுங்கிற்று. ‘ஸ்னாத்’ என்னும் வேறொரு வினை அதன் இடத்தைப் பெற்றது. எனினும் அதன் மக்கள் பலர்: கட்டளையைக் குறிக்கும் ‘ஸாபவெத்’, அருளுரையைக் குறிக்கும் ‘புரோபவெத்’, பாவ அறிக்கையைக் குறிக்கும் ‘இஸ்பவெத்’. சூனியக்காரியைக் குறிக்கும் ‘வேத்மா’வும் இக்குடும்பத்தினளே!

863இல் சிரிலும் மெத்தோடியுவும் மொராவியாவுக்குச் சென்று திருமறை மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டனர். அம்மரபில் மனச்சாட்சிக்குரிய கிரேக்கச் சொல்லை ‘உடன்’, ‘அறிவு’ என உறுப்புறுப்பாகப் பெயர்த்தனர். ருஷிய மொழியின் ‘சோவெஸ்த்’ அதன் வழிவந்ததே. நாமோ அறிவைக் கூறாது, சாட்சியைக் கூறுகிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘ஒய்தா’ ஒருவகை அறிவு, ‘கினோஸ்கோ’ வேறுவகை அறிவு என்று வேரைக் காட்டி நாமும் பிரசங்கித்ததுண்டு. ஆனால் யோவான் 21:17இல் பேதுருவின் மறுமொழியில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. திருச்சபை ஸ்லாவொனிக் திருமறை ஈரிடத்தும் நம் வினையையே ஆள்கிறது; தமிழ்த் திருமறையும் ஈரிடத்தும் ‘அறிதல்’ என்றே கூறுகிறது. வேரிலிருந்து பொருளை வருவிக்கும் இப்பழக்கத்தையே ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட நூலில் வன்மையாகக் கண்டித்தார்.

மனச்சாட்சியும் சூனியக்காரியும் ஒரு வேரில் பிறந்திருக்க, வேர் மட்டும் பொருளை எங்ஙனம் தீர்மானிக்கும்? சொல் எங்கிருந்து வந்தது என்பதை வரலாறு காட்டும். இவ்வசனத்தில் அது என்ன சொல்கிறது என்பதைச் சூழலே காட்டும். முன்னதைக் கற்று மகிழ்வோம்; பின்னதையே சபைக்கு எடுத்துரைப்போம்.