நல்லமிளகுக் கொடியில் எதை வெட்டலாம், எதை விடலாம்?

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்துவிட்டு 2016-இல் ஓய்வு பெற்றேன். தடிக்காரன்கோணம் பக்கம் அப்பா விட்டுப்போன விளையில் தென்னை, கமுகு, அயினி, முள்முருங்கை என்று எல்லா மரத்திலும் நல்லமிளகு ஏறிக் கிடந்தது. மொத்தம் 23 மூடு. குமரி மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே கறுப்பு மிளகுக்குத்தான் நல்லமிளகு என்று பேர்.

முதல் வருடம் பறிப்பு முடிந்ததும், மாசி மாதம், கத்திரிக்கோலோடு இறங்கினேன். ரோஜாவைக் கவாத்து செய்தால் நன்றாகப் பூக்கிறதே, மிளகுக்கும் அப்படித்தானே என்று நினைப்பு. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கிளைகளை எல்லாம் ஒட்ட வெட்டி, கொடியை மரத்தோடு சிக்கென்று ஆக்கிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. அந்த வருடம் சரமே பிடிக்கவில்லை.

மிளகு பறிக்க வரும் அண்ணாச்சி ஏணியைச் சாய்த்துவிட்டு மேலே பார்த்தார். “சாரே, காய்க்கிற கையை வெட்டிட்டு, காய்க்காத காலை விட்டு வச்சிருக்கீங்களே” என்றார்.

அன்றைக்குத்தான் கொடியைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மிளகுக் கொடியில் மூன்று வகைத் தண்டு உண்டு. கணுவுக்குக் கணு வேர் விட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போவது ஏறுகொடி. அதிலிருந்து பக்கவாட்டில் வருவது பக்கக்கிளை. இதில் பற்றுவேர் இருக்காது. சரம் பிடிப்பது இதில்தான். மூன்றாவது, மூட்டிலிருந்து கிளம்பித் தரையில் ஓடும் ஓடுகொடி. இது காய்க்காது, சாப்பாட்டில் மட்டும் பங்கு கேட்கும். நான் வெட்டியது இரண்டாவதை. விட்டுவைத்தது மூன்றாவதை.

பயந்துபோய் 2018-இல் கத்தியையே தொடவில்லை. கொடியையும் வெட்டவில்லை, தாங்குமரக் கிளையையும் கழிக்கவில்லை. ஆகஸ்டில் கேரளாவைப் புரட்டிப்போட்ட மழை எங்கள் மலையடிவாரத்தையும் விடவில்லை. விளைக்குள் வெயிலே இறங்கவில்லை. மூட்டில் ஈரம் காயவே இல்லை. தரையில் கிடந்த ஓடுகொடி இலைகளில் முதலில் கறுப்புப் புள்ளி வந்தது. பிறகு இலை உதிர்ந்தது. சில வாரத்தில் 9 மூடு அப்படியே வாடிச் செத்தன. இதுதான் ஃபைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரால் வரும் திடீர் வாடல். மண்ணில் இருக்கும் கிருமி, மழைத்துளி தெறிக்கும்போது தாழக் கிடக்கும் இலையில் ஏறி, அங்கிருந்து மேலே போகிறது. தரையில் கிடந்த ஓடுகொடிதான் அதற்கு ஏணி. அப்பா நட்ட கொடிகள் அவை. என் வீட்டுக்காரி இரண்டு நாள் விளைப் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது:

மாசி, பங்குனியில் பறிப்பு முடிந்ததும், நன்றாகக் காய்த்த கொடிகளின் ஓடுகொடியை வெட்டி எடுக்கிறேன். கொழுந்து நுனியையும் முற்றிய அடியையும் தள்ளிவிட்டு, 2 அல்லது 3 கணு வைத்து நறுக்கிப் பையில் நட்டால் நாற்றாகிவிடும். இதற்காகவே ஓடுகொடியைத் தரையில் வேர்விட விடாமல் குச்சி நட்டுச் சுருட்டிக் கட்டி வைக்கிறேன்.

வைகாசியில், இடவப்பாதி மழைக்கு முன்பே, தாங்குமரத்தின் கிளைகளைக் கழிக்கிறேன். கோடையில் கழித்தால் வெயிலில் கொடி கருகும். மழை தொடங்கிய பிறகென்றால் நேரம் கடந்துவிடும். நமக்கு இரண்டு பருவமழை என்பதால், புரட்டாசியில் ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு முறை லேசாகக் கழிக்கிறேன். பன்னியூர் 1 ரகத்துக்கு வெளிச்சம் கட்டாயம் வேண்டும். கரிமுண்டா கொஞ்சம் நிழல் தாங்கும். கழித்த தழை மூடாக்குக்கு ஆகும். ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்கக்கூடாது.

அதே வைகாசியில், தரையைத் தொடும் ஓடுகொடி மீதம் இருந்தால் வெட்டிவிடுகிறேன், அல்லது தூக்கி மரத்தோடு கட்டுகிறேன். மூட்டுக்கு 1 கிலோ வேப்பம்புண்ணாக்கும் 50 கிராம் டிரைக்கோடெர்மாவும் இடுகிறேன். நோய் கண்ட கொடியைத் தொட்ட கத்தியைக் கழுவாமல் அடுத்த கொடிக்குக் கொண்டுபோவதில்லை.

ஏறுகொடியை 15 அடிக்கு மேல் போக விடுவதில்லை, ஏணிக்கு எட்டவேண்டுமே. இளங்கொடி கிளைக்காமல் ஒற்றையாக ஓடினால் நுனியை வெட்டுகிறேன். அடியிலிருந்து இரண்டு மூன்று ஏறுகொடி கிளம்பும். மலேசியாவின் சரவாக்கில் இளங்கொடியை இப்படி வெட்டித்தான் வளர்க்கிறார்கள்.

பக்கக்கிளையைத் தொடுவதே இல்லையா? ஒன்றிரண்டு எடுப்பேன். அதை வேர்விட வைத்தால் மரம் ஏறாது. தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். விளை இல்லாதவர்களுக்கு அது போதும்.

செத்துப்போன 9 மூட்டின் இடத்தில், பிழைத்த கொடிகளிலிருந்து எடுத்த நாற்றையே நட்டேன். மூன்றாம் வருடம் முதல் சரம் வந்தது. “இப்ப சரியாக்கும் சாரே” என்றார் அண்ணாச்சி.

உங்கள் வீட்டில் மிளகுக் கொடி இருந்தால், மழைக்கு முன் ஒருமுறை மூட்டில் குனிந்து பாருங்கள். வெட்டவேண்டியது பெரும்பாலும் கீழேதான் கிடக்கும்.