துண்டு போடும் மருந்து

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் மீனாட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதுபோன்ற பெரிய ஆஸ்பத்திரி எதிலும் மயக்க மருந்து டாக்டரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டிய மருந்து நலோக்சோன். ஒரு மில்லி கொள்ளும் சின்னக் கண்ணாடி ஆம்பூல், உள்ளே 0.4 மில்லிகிராம் மருந்து.

மார்ஃபின், ஃபென்டனில், ஹெராயின் எல்லாம் ஓபியாய்டு குடும்பம். அளவு மீறினால் மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதி மந்தமாகிவிடும். கண்ணின் பாப்பா புள்ளியாகச் சுருங்கும், உதடு நீலம் பாரிக்கும். குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். "அசந்து தூங்குறான், விடுங்க" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது இந்த நேரத்தில்தான்.

இந்த மருந்துகள் போய் உட்காரும் இடங்கள் நரம்பு செல்களின் மேல் உண்டு. கூட்டமான டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல நலோக்சோன் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவரையே கிளப்பிவிட்டுப் போடும் துண்டு! போட்டபின் வேறெதுவும் செய்யாது. வலியும் குறைக்காது, போதையும் தராது. நரம்பில் ஏற்றினால் ஓரிரு நிமிடத்தில் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கும்.

ஆனாலும் டாக்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள். மூச்சு சீரானால் போதும், ஆள் எழுந்து பேசவேண்டியதில்லை. மொத்தமாக ஏற்றினால் ஆபரேஷன் முடிந்தவருக்குத் தையல் போட்ட வலி முழுக்கத் திரும்பிவிடும். போதைக்குப் பழகியவருக்கு வாந்தி, நடுக்கம், ஆத்திரம்.

துண்டு சீக்கிரம் பறந்துவிடும் என்பதுதான் பெரிய சிக்கல். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் அடங்கிவிடலாம். மெத்தடோன் போல நின்று வேலை செய்யும் ஓபியாய்டு உடம்பில் இருந்தால் மூச்சு மறுபடி தடுமாறும். "நல்லாயிட்டேன், வீட்டுக்குப் போறேன்" என்பவரை மணிக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பது இதனால்தான்.

நலோக்சோனுக்கு 1961இல் காப்புரிமை கோரியவர்கள் ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டீன். அமெரிக்க அரசு 1971இல் அனுமதித்தது. வேடிக்கை என்னவென்றால், மார்ஃபினைப்போல இதற்கும் மூலப்பொருள் அபின் செடியிலிருந்தே வருகிறது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா அதன் விதைதான்.

மூக்கில் அடிக்கும் நலோக்சோன் ஸ்ப்ரேயை அமெரிக்காவில் 2023 முதல் டாக்டர் சீட்டில்லாமலே வாங்கலாம். நம் ஊரில் நலோக்சோன் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் ஊசி மருந்து. டேபென்டடால் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரைகளைத் தமிழ்நாட்டிலும் போதைக்குப் பயன்படுத்துகிறார்கள். இந்த நிலையில் நலோக்சோன் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நின்றுவிடுவது சரியில்லை என்பது என் கட்சி. இப்போதைக்கு, அளவு மீறியவரின் பக்கத்தில் இருப்பவர் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம், இல்லாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதலாம். பயந்து மறைக்காமல், மாத்திரையின் காலி அட்டையை டாக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும்.