கரண்டுக்கு நீங்களும் முதலாளி ஆகலாம், தெரியுமா?

மொட்டை மாடி முழுக்க சோலார் பேனல் போட்ட வீட்டில்கூட, உச்சி வெயில் கொளுத்தும்போதே, தெருவில் கரண்ட் போனால் மின்விசிறி நின்றுவிடும், தெரியுமா? பேனலில் கோளாறு எதுவும் இல்லை. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு நேரடியாக இணைத்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று கண்ட நொடியே தன்னை அணைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயும். உயிர் காக்கும் ஏற்பாடு, இருந்தே ஆக வேண்டும். ஆனால் இதில் ஒளிந்திருக்கும் பெரிய சேதியைப் பாருங்கள்: வெயில் எல்லோருக்கும் பொது, பேனல் உங்களுடையது, கம்பி மட்டும் இன்னொருவர் கையில்! அந்தக் கம்பி யார் பொறுப்பில் இருக்கிறது, அதில் ஏறும் யூனிட்டுக்கு யார் என்ன விலை வைக்கிறார்கள் என்பதில்தான் சூரிய மின்சாரத்தின் தலையெழுத்தே இருக்கிறது.

அந்தத் தலையெழுத்தை ஆறு விவசாயிகள் சேர்ந்து மாற்றி எழுதிய ஊர் ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது, தெரியுமா? குஜராத்தின் கேடா மாவட்டத்தில் டுண்டி என்ற சின்னக் கிராமம். டீசல் ஊற்றி மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு சோலார் பம்புக்கு மாறினார்கள். அதோடு நிற்கவில்லை. 2016இல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் வினியோக நிறுவனத்துக்கே விற்க ஆரம்பித்தார்கள்! உலகின் முதல் சூரியப் பாசனக் கூட்டுறவு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆறு பேரின் பேனல்களையும் சேர்த்தால் 56.4 கிலோவாட். ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் கூரை கொள்ளும் அளவுதான். ஆனால் ஒப்பந்தத்தைப் பாருங்கள்: 25 ஆண்டுகளுக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசு. அதற்கு மேல், பசுமை மின்சாரத்துக்காக 1 ரூபாய் 25 காசு, நிலத்தடி நீரை மிச்சப்படுத்தியதற்காக இன்னொரு 1 ரூபாய் 25 காசு என்று ஆய்வு நிறுவனம் தன் பங்குக்கு ஊக்கத்தொகையும் கொடுத்தது. பதிலுக்கு விவசாயிகள் தந்த வாக்கு, அந்த 25 ஆண்டுகளுக்கு மானிய மின் இணைப்பு கேட்கமாட்டோம் என்பது. வினியோக நிறுவனத்துக்கு மானியச் சுமை குறைந்தது, விவசாயிக்கு மாத வருமானம் வந்தது.

இன்னும் ஒரு விஷயம், இதைத்தான் நான் மிகவும் ரசித்தேன். ஆறு தோட்டத்துக்கும் ஆறு மீட்டர் வைத்து, ஆறு பில் போட்டு, ஆறு பேரையும் அலுவலகத்துக்கு அலையவிடவில்லை. ஆறு பேரின் உபரியும் ஓரிடத்தில் சேர்ந்தது. வினியோக நிறுவனம் படித்தது ஒரே ஒரு மீட்டர், பணம் கொடுத்தது ஒரே ஒரு சங்கத்துக்கு. யார் எவ்வளவு தந்தார்கள் என்று சங்கம் தனக்குள் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு கறந்த பாலைச் சங்கத்தில் ஊற்றுவதுபோல! 1946இல் அமுல் பிறந்ததும் அன்றைய கேடா மாவட்டத்தில்தான் என்பதை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. பேனல்களை உயரமான கால்களில் நிறுத்தி, கீழே கீரை, கேரட், பூண்டு, பீட்ரூட் என்று சாகுபடியும் நடந்தது. மேலே ஒரு மகசூல், கீழே ஒரு மகசூல்!

தண்ணீர் எப்படி மிச்சமாகும் என்கிறீர்களா? மின்சாரத்துக்கு விலையே இல்லை, மும்முனை மின்சாரம் வரும் நேரமும் சில மணிகள்தான் என்றால், மோட்டாரை அணைக்க யாருக்கு மனம் வரும்? வரும்போது இறைத்துவிட வேண்டும், நாளைக்கு வருமோ வராதோ! கிணற்றின் நீர்மட்டம் கீழே போய்க்கொண்டே இருக்கும். அதே விவசாயியிடம் ‘நீங்கள் இறைக்காமல் விடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு’ என்று சொல்லிப் பாருங்கள். பயிருக்குப் போதும் என்று தெரிந்ததும் ஸ்விட்சை அணைக்க அவருக்கே காரணம் கிடைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் உழவர்கள் போராடிப் பெற்ற இலவச மின்சாரத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. மிச்சம் பிடிக்கும் யூனிட்டுக்கு விலை கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இரண்டும் வேறு வேறு.

இந்த டுண்டி திடீரென்று முளைக்கவில்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2003க்குப் பிறகு, குஜராத் தன் கிராமக் கம்பிகளையே பிரித்துப் போட்டது, தெரியுமா? ஜோதிகிராம் என்று பெயர். வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரு ஃபீடர் (மின்பாதை), பாசன மோட்டார்களுக்குத் தனி ஃபீடர். ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. மோட்டாருக்கு நாளுக்கு எட்டு மணி நேரம், ஆனால் முழு வோல்டேஜில், முன்கூட்டியே சொன்ன நேரத்தில். வீட்டுக்கு நாள் முழுக்க. மின் வினியோகச் சீர்திருத்தம் என்றாலே தனியார்மயம், கட்டண உயர்வு என்று மட்டும் பேசுகிறார்கள். கம்பியை ஒழுங்காகப் பிரித்து இழுப்பதும் சீர்திருத்தம்தான், என்னைக் கேட்டால் அதுதான் முதல் சீர்திருத்தம்.

கம்பியில் ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் நான்கு மடங்காகும், தெரியுமா? மூன்று மடங்கானால் ஒன்பது! டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொலைவில், கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டத்தில் லோ வோல்டேஜில் மோட்டார் முனகுவதும், அதிகக் கரண்ட் இழுத்து காயில் கருகுவதும், விவசாயி ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இதனால்தான். அந்தக் கடைசிக் கம்பத்தின் பக்கத்திலேயே சோலார் வைத்தால் அத்தனை தூரம் மின்சாரம் ஓடி வர வேண்டியதில்லை. பகலில் அங்கே வோல்டேஜ் ஏறும், வழியில் இழப்பு குறையும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட்டில் பிரமாண்டமான சூரியப் பூங்கா வந்தது, பெருமைதான். ஆனால் கடைசிக் கம்பத்து விவசாயியின் மோட்டாரைக் காப்பாற்ற அவர் வயலோரத்தில் சில கிலோவாட் போதும். பெரியதைக் கட்டுவதில் காட்டும் வேகத்தைச் சிறியதிலும் காட்டலாமே!

சரி, பேனலை மட்டும் இல்லை, ஊர்க் கம்பியையே ஊர்க்காரர்கள் விலைக்கு வாங்க முடியுமா? வாங்கியிருக்கிறார்கள்! ஜெர்மனியின் கருங்காட்டு மலைகளுக்கிடையே ஷோனாவ் என்ற ஊர். ஜனத்தொகை சுமார் இரண்டரை ஆயிரம்தான். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்து, அதன் கதிரியக்கத் தூசி ஐரோப்பாவெங்கும் மழையோடு இறங்கியபோது, குழந்தைகளை வெளியே விளையாட விடவே பயந்தார்கள் அந்த ஊர்ப் பெற்றோர்கள். கூடிப் பேசினார்கள். முதலில் செய்தது என்ன தெரியுமா? யார் வீட்டில் மின்சாரச் செலவை அதிகம் குறைப்பது என்று ஒரு போட்டி! பிறகு உள்ளூர் மின் நிறுவனத்திடம் போய், அணு மின்சாரம் வேண்டாம், மிச்சப்படுத்துகிறவர்களுக்குச் சாதகமாகக் கட்டணம் வையுங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்றது நிறுவனம். அப்படியானால் கம்பியை எங்களிடம் கொடுங்கள் என்றார்கள்!

சும்மா நடந்துவிடவில்லை. 1991இல் ஒரு வாக்கெடுப்பு, 1996இல் மறுபடி ஒரு வாக்கெடுப்பு, இரண்டிலும் கம்பியை வாங்க நினைத்தவர்களே ஜெயித்தார்கள். பழைய நிறுவனம் கம்பிக்குச் சொன்ன விலை 87 லட்சம் மார்க். அந்தச் சின்ன ஊருக்கு அது மலை. நாடு முழுக்க விளம்பரம் செய்து நன்கொடை திரட்டினார்கள். 1997 ஜூலை 1 அன்று ஊரின் மின் வினியோகம் ஊராரின் நிறுவனத்தின் கைக்கு வந்தது. வாங்கியபின் விலை பற்றிய வழக்கு ஓய்ந்தபோது, கேட்ட தொகையில் பாதிகூட நியாயமில்லை என்று தெரியவந்தது! இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான உர்சுலா ஸ்லாடெக்குக்கு 2011இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது. ஊர்த் தேவாலயத்தின் கூரை முழுக்க இன்று சோலார் பேனல். நிறுவனம் 2009 முதல் முறையான கூட்டுறவாகி, ஜெர்மனி முழுக்க மின்சாரம் விற்கிறது.

‘அது ஏதோ ஒரு மலை ஊரில் நடந்த அதிசயம்’ என்கிறீர்களா? முதலாளித்துவத்தின் தலைநகரம் என்று நாம் நினைக்கும் அமெரிக்காவிலேயே 1935இல் பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்பதில் மின்சாரம் கிடையாது. தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளுக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் நிறுவனங்கள் கைவிரித்தன. ரூஸ்வெல்ட் அரசு கடன் கொடுக்க, விவசாயிகள் சங்கம் அமைத்துத் தாங்களே கம்பி இழுத்துக்கொண்டார்கள். இன்றும் அங்கே ஏறத்தாழ 900 மின் கூட்டுறவுகள், நான்கு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு மின்சாரம், நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் அவற்றின் கம்பிகள்!

அந்த அனுபவம் கடல் தாண்டி இங்கேயும் வந்தது. 1960களின் முடிவில் அமெரிக்கக் கூட்டுறவுக்காரர்களின் ஆலோசனையோடு இந்தியாவில் ஐந்து இடங்களில் கிராம மின் கூட்டுறவுகள் தொடங்கின. கர்நாடகத்தில் பெலகாவி மாவட்டத்து ஹூக்கேரியும், தெலங்கானாவில் விசைத்தறி ஊரான சிர்சில்லாவும் அவற்றில் அடக்கம். அரை நூற்றாண்டு தாண்டியும் இரண்டு ஊர்களிலும் சங்கம்தான் வீட்டுக்கு வீடு மின்சாரம் தருகிறது. சிர்சில்லாவில் இயக்குநர் பதவிக்கு மின் நுகர்வோரே வாக்களிக்கிறார்கள், கட்சிகள் சட்டமன்றத் தேர்தல்போல மோதிக்கொள்ளும். அதே வரிசையில் தொடங்கிய மகாராஷ்டிரத்தின் முலா-ப்ரவரா சங்கமோ, வாங்கிய மின்சாரத்துக்குப் பாக்கி மலைபோல் சேர்ந்து 2011இல் உரிமத்தைப் பறிகொடுத்தது. கூட்டுறவு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் பில் வசூலாகிவிடாது, கணக்கு சுத்தமாக இருந்தால்தான் சங்கம் நிற்கும்.

நம்ம கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இலேயே சொந்தமாகக் காற்றாலை வாங்கியது, தெரியுமா? 350 கிலோவாட், விலை சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பைப் போட்டு, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கினார்கள். காற்றாலை நிற்பதோ ஓடந்துறையில் இல்லை, காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம்! அங்கே விளைந்த மின்சாரம் மின்வாரியக் கம்பியில் ஏற, இங்கே தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆன யூனிட்டுகள் கணக்கில் கழிந்தன. மிஞ்சியதை வாரியமே விலைக்கு வாங்கியது. அப்போதைய ஊராட்சித் தலைவர் சண்முகத்தின் முயற்சியைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். காற்றுக்கு இப்படிக் கணக்கு வைக்க முடிந்த கம்பியால் வெயிலுக்கும் வைக்க முடியும். அப்படி வைத்தால், மாடியே இல்லாத ஓட்டு வீட்டுக்காரரும் வாடகை வீட்டில் இருப்பவரும் ஊர்ப் பொது இடத்தில் நிற்கும் பேனலில் ஒரு பங்கு வாங்கி, அந்த யூனிட்டைத் தங்கள் பில்லில் கழித்துக்கொள்ளலாம்!

இதற்கு நேர் எதிரான கதையும் தெரிய வேண்டும். பீகாரில் தர்னாய் என்ற கிராமத்தில் 2014இல் 100 கிலோவாட் சூரிய மின் கட்டமைப்பு பெரிய கொண்டாட்டத்தோடு திறக்கப்பட்டது. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த மின்சாரத்துக்கு யூனிட் விலை அதிகம், பெரிய சாதனங்களை ஓட்ட முடியாது. பின்னாலேயே மலிவான அரசு மின்சாரம் ஊருக்குள் வந்தது. பேட்டரிகள் செத்தன. சில ஆண்டுகளில் அந்த இடம் மாட்டுக் கொட்டகை ஆனது. டுண்டிக்கும் தர்னாய்க்கும் என்ன வித்தியாசம்? பேனல் இரண்டிலும் ஒன்றுதான். டுண்டியின் உபரிக்கு வாங்குபவர் இருந்தார், 25 ஆண்டு விலை எழுத்தில் இருந்தது, லாபம் விவசாயியின் பையில் விழுந்தது. தர்னாயில் கம்பி வந்தது, ஆனால் பேனலுக்கு எதிரியாக வந்தது. இந்த ஒரு வித்தியாசத்தை ஆட்சியாளர்கள் மனதில் பதித்துக்கொண்டால் போதும் என்று தோன்றுகிறது.

ஊர்ப் பொதுப் பேனலுக்கு இன்னொரு பயனும் உண்டு. கரீபியக் கடலின் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் 2017 செப்டம்பரில் மரியா புயல் மின் கட்டமைப்பையே சுருட்டிப் போட்டபோது, அட்ஹூண்டாஸ் என்ற மலை ஊரில் ‘காசா புவேப்லோ’ என்ற சமூக இல்லத்தில் விளக்கு எரிந்தது, தெரியுமா? அதன் கூரையில் சோலாரும், கூடவே பேட்டரியும் இருந்தன. செல்போனுக்குச் சார்ஜ் போடவும் மருத்துவக் கருவிகளை இயக்கவும் ஜனங்கள் அங்கே ஓடி வந்தார்கள். 2023இல் அதே ஊரின் கடைவீதியில் 14 கடைகளுக்குப் பொதுவான சூரிய மின் கட்டமைப்பு வந்தது, அதை வைத்திருப்பது ஊர்க்காரர்களின் சங்கம். கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தவர்களுக்கு இதன் அருமை விளக்காமலே புரியும்.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று சந்தேகமா? 2003 மின்சாரச் சட்டத்தின் 5ஆவது பிரிவைப் புரட்டுங்கள். கிராமப்புறத்தில் மொத்தமாக மின்சாரம் வாங்கி உள்ளூர் வினியோகத்தை நடத்துவதற்கு ஊராட்சிகள், பயனாளிகள் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது! 14ஆவது பிரிவோ, அறிவிக்கப்பட்ட கிராமப்புறப் பகுதியில் தானே உற்பத்தி செய்து தானே வினியோகிப்பவருக்கு உரிமமே தேவையில்லை என்கிறது. 2024இல் திருத்திய நுகர்வோர் விதிகளின்படி, வீட்டுக் கூரையில் 10 கிலோவாட் வரை சோலார் வைக்கத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு என்று இழுத்தடிக்க முடியாது. 2019இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த குசும் திட்டத்தில், துணை மின் நிலையத்துக்கு அருகே 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சூரிய மின் நிலையம் வைக்க விவசாயிகளோடு கூட்டுறவுகளையும் ஊராட்சிகளையும் சேர்த்தார்கள்.

இதையெல்லாம் கேட்க ஒரு மேடையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நூறு சதுர அடி இடம் இருந்தால் ஒரு கிலோவாட் வைக்கலாம், நம் வெயிலில் அது நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். நம் ஊர்த் தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாதம் எத்தனை யூனிட் ஆகிறது? பள்ளிக் கூரை, நூலகக் கூரை, ரேஷன் கடைக் கூரை சேர்த்து எத்தனை சதுர அடி தேறும்? சங்கமாகச் சேர்ந்தால் யூனிட்டுக்கு என்ன விலை, எத்தனை ஆண்டுக்கு எழுதித் தருவீர்கள்? அடுத்த கூட்டத்துக்கு மின்வாரிய உதவிப் பொறியாளரையும் அழைத்து உட்கார வையுங்கள், இந்த மூன்று கேள்விகளையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்!