மகோதர நோயாளிக்குச் சுரம் கண்டால்

கல்லீரல் தழும்பேறிச் சுருங்கியவர்களுக்கு வயிற்றில் நீர் கோத்துக் கால்கள் வீங்குவதை மகோதரம் என்கிறோம். நெடுநாளையக் குடிப்பழக்கம், பி, சி வகைக் காமாலைக் கிருமிகள், நீரிழிவோடு சேர்ந்து கல்லீரலிற் படியும் கொழுப்பு ஆகியவை இதற்கு முக்கிய காரணங்கள். குடியாதவர்களுக்கும் இந்நோய் வரும். இதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஊரில் எடுத்துச் சொல்லவேண்டும். குடிகாரன் என்ற பழிக்கு அஞ்சியே பல வீடுகளில் நோயை மறைத்துவிடுகிறார்கள்.

இந்த நீரில் கிருமி புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. குடலில் இயல்பாக வாழும் கிருமிகள், தளர்ந்த குடற்சுவரைக் கடந்து ரத்தத்திற் கலந்து, வயிற்று நீரை அடைகின்றன. நல்ல கல்லீரல் இவற்றை வடிகட்டி அழித்துவிடும்; சுருங்கிய கல்லீரலுக்கு அந்தச் சக்தி இல்லை. குடலில் ஓட்டை எதுவுமின்றியே இவ்வாறு நேர்வதை அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு கான் 1964-ஆம் ஆண்டில் விவரித்து எழுதினார்.

சுரம், வயிற்றுவலி, வாந்தி, பேதி, சிறுநீர் குறைதல் ஆகியவை அறிகுறிகள். பகலெல்லாம் உறங்கி இரவில் விழித்திருப்பதும், முன்னுக்குப்பின் முரணாகப் பேசுவதும் உண்டு. இதைக் காற்றுச் சேஷ்டை என்று எண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்வோர் இன்னும் இருக்கின்றனர். சிலருக்கோ எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. ஆதலால் மகோதரத்தோடு ஆஸ்பத்திரியிற் சேரும் ஒவ்வொருவருக்கும் வயிற்று நீரைச் சோதித்துப் பார்ப்பதே முறை.

இச்சோதனைக்குத்தான் நம் மக்கள் பெரிதும் அஞ்சுகின்றனர். "வயிற்றில் ஊசி குத்தினால் ஆள் பிழைக்கமாட்டான்" என்று பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நீர் எடுத்தபின் இறந்தவர்களைக் கண்டு இந்த எண்ணம் தோன்றியிருக்கலாம். அவர்களிற் பலர் காலங்கடந்து வந்தவர்கள் என்பதை யாரும் நினைப்பதில்லை. மெல்லிய ஊசியால் சில தேக்கரண்டி அளவு நீர் எடுத்தாற் போதும். ஒரு கன மில்லிமீட்டர் நீரில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் 250 அல்லது அதற்குமேல் இருந்தால் கிருமி தாக்கியதாகக் கொண்டு உடனே சிகிச்சை தொடங்குவார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஓரிரு நாட்கள் ஆகும். அதன் முடிவுக்காகக் காத்திருத்தல் கூடாது. கிருமி இருந்தும் அச்சோதனையில் அகப்படாமற் போவதும் சகஜம்.

செபோடாக்சிம், செப்ட்ரியாக்சோன் போன்ற மருந்தை 5 முதல் 7 நாட்கள் ரத்தக்குழாய் வழியே செலுத்துவது வழக்கம். எந்த மருந்து என்பதை மருத்துவரே தீர்மானிப்பார். இரண்டு நாளில் குணம் தெரியாவிட்டால் மறுபடியும் நீரைச் சோதிப்பார்கள். இத்துடன் ஆல்புமின் என்னும் புரதநீரும் ஏற்றப்படும். எடையில் கிலோ ஒன்றுக்கு முதல்நாள் 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம் என்பது கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 75 கிராமும் 50 கிராமும் ஆகும். விலை மிகுந்த பொருள்தான், ஆயினும் வீண்செலவன்று. 1999-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் 126 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், கிருமிமருந்து மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 29 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தனர். ஆல்புமினும் பெற்றவர்களில் 10 பேரே இறந்தனர். சிறுநீரகம் பழுதாவதும் வெகுவாகக் குறைந்தது.

குணமான பின்னும் இது திரும்ப வரக்கூடும். அதைத் தடுக்க மருத்துவர் தினசரி மாத்திரை தந்தால், உடம்பு தேறிவிட்டதென்று தாமாக நிறுத்தலாகாது. உப்பைக் குறைக்கவேண்டும்; மதுவை அடியோடு விடவேண்டும். மேல்வலிக்கென்று கடையிற் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாத்திரைகள் இவர்களது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சுரமோ தடுமாற்றமோ கண்டால் விடியட்டும் என்று இராமல், அன்றிரவே 108 வண்டியை அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரியிற் சேர்த்து, "இவருக்கு மகோதரம் உண்டு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும்.