கைக்கேற்ற கருவி

பெரிய நூலொன்றில் ஒரு சொல்லைத் தேடும்போது, இறுதியிலுள்ள சொல்லடைவு நமக்குக் கைகொடுக்கிறது. கணிப்பொறி நிரல்களுக்கும் அத்தகைய துணை தேவை. ஆயிரக்கணக்கான வரிகள் பல கோப்புகளில் பரந்து கிடக்க, ஓரிடத்தில் அழைக்கப்படும் செயற்கூறு வேறெங்கோ எழுதப்பட்டிருக்கும். அதைத் தேடி அலைவதிலேயே நம் சிந்தனை அறுந்துவிடும்.

இதற்கு உதவும் உரைத்தொகுப்பிகளுள் ஒன்று 'ஈமாக்ஸ்'. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இது தோன்றியது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட 'குனு ஈமாக்ஸ்' இன்றும் வழக்கில் உள்ளது. 'லிஸ்ப்' மொழியில் சில வரிகள் எழுதி, இதனை நம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்பதே இதன் சிறப்பு.

'ஈடேக்ஸ்' என்னும் துணைநிரல் கோப்புகளைப் படித்து, எப்பெயர் எங்கே வரையறுக்கப்பட்டுள்ளது என்று அடைவு தயாரிக்கும். பின்பு ஒரு பெயரின்மேல் நின்று, ஆல்ட் விசையுடன் முற்றுப்புள்ளியை அழுத்தினால் அவ்விடம் சேரலாம். ஆல்ட் விசையுடன் காற்புள்ளியை அழுத்தினால் புறப்பட்ட இடத்திற்கே திரும்பலாம். வழி தவறாது திரும்புவதும் தேடலின் ஒரு பாதியன்றோ!

அவ்விசைகள் நம் விரல்களுக்கு வசதியாக இல்லையெனில், தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்து வேறு விசைக்கு அப்பணியைத் தரலாம். நிரல் மாறினால் அடைவு பழையதாகிவிடும். எனவே கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் அடைவும் புதுப்பிக்கப்பட வேண்டுமென்றும் கட்டளையிடலாம்.

ஆயினும் கருவியைத் தீட்டுவதிலேயே பொழுதைக் கழித்தல் ஆகாது. தேவை தோன்றும்போது ஒரு வரி சேர்ப்போம்; அதன் பொருளை உணர்ந்தே சேர்ப்போம். அப்போது கருவி நம் கைக்கு அடங்கும், அறிவும் வளரும்.