திருப்ப முடியாத வானூர்தியின் விளக்கு

விமானத்தின் இடப்பக்க இறக்கை முனையில் சிவப்பு விளக்கும் வலப்பக்க முனையில் பச்சை விளக்கும் வாலில் வெள்ளை விளக்கும் எரிவது, இருளில் அதைக் காணும் மற்றொரு விமானி அது செல்லும் திசையை உடனே கணித்துக்கொள்வதற்காகவே. வெப்பக்காற்று பலூனுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. முன், பின், இடம், வலம் என்ற வேறுபாடே இல்லாத அதனை ஏற்றவும் இறக்கவும் இயலுமே தவிர, காற்றின் போக்கை மீறித் திருப்ப இயலாது. இதனாலேயே அமெரிக்க வான்போக்குவரத்து விதிகள், இயல்பான நிலையில் பிற வானூர்திகள் பலூனுக்கு வழிவிட வேண்டும் என்கின்றன. ஆனால் வழிவிட வேண்டியவர் முதலில் அதைக் கண்டாக வேண்டும்.

பர்னர் எனப்படும் எரிகருவி புரோப்பேன் வாயுவை எரிக்கும்போது பலூன் முழுவதும் காகித விளக்குபோல் ஒளிர்வதால், வேறு விளக்கு எதற்கு என்று தோன்றக்கூடும். அந்தச் சுடர் சில நொடிகளே நீடிக்கிறது. அடுத்த சுடர் எழும்வரை பல மாடிக் கட்டடத்தின் உயரமுள்ள அந்த உருவம் இருளில் மறைந்துவிடுகிறது. ஆகவே, பலூனில் நிலைகாட்டும் விளக்குகள் பொருத்தப்பட்டால், இடைவிடாது எரியும் ஒரு வெள்ளை விளக்கு கூடைக்குக் கீழே 20 அடிக்குள்ளும், அதற்கும் கீழே 7 முதல் 10 அடி தொலைவில் நிமிடத்துக்கு 40 முதல் 100 முறை மின்னும் மற்றொரு விளக்கும் தொங்க வேண்டும் என்று அந்நாட்டுத் தகுதி விதிகள் வகுத்துள்ளன. கூடையும் அதில் நிற்பவர்களும் மறைக்காமல் எல்லாப் பக்கமும் ஒளி பரவுவதற்கு இப்படிக் கீழே தொங்கவிடுவதே சிறந்த வழி.

இவ்விளக்குகள் எடை குறைந்தவையாக இருப்பது வசதிக்காக மட்டுமன்று. கடல்மட்டத்தில், 15 பாகை செல்சியசில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.22 கிலோ, அதையே 100 பாகைக்குச் சூடாக்கினால் 0.95 கிலோ அளவுக்குக் குறைகிறது. இந்த 270 கிராம் வேறுபாடே ஒரு கன மீட்டர் சூடான காற்று தரும் தூக்குவிசை. எனவே 5 கிலோ எடையுள்ள ஒரு மின்கலத்தைச் சுமக்க மட்டும் ஏறத்தாழ 18 கன மீட்டர் சூடான காற்று தேவை. சுமை கூடினால் காற்றை மேலும் சூடாக்க வேண்டும். அதற்குச் செலவாகும் வாயு, பாதுகாப்பான இடம் தேடி மிதப்பதற்கென வைத்திருக்கும் இருப்பிலிருந்தே போகிறது. பலூனில் இயந்திரம் இல்லாததால் பறக்கும்போது மின்சாரம் உண்டாக்கவும் வழியில்லை. இழைக்குமிழ் விளக்கும் ஈய அமில மின்கலமுமாக இருந்த காலத்தில் இது உண்மையான இடையூறு. மிகக் குறைந்த மின்சாரத்தில் அதே அளவு ஒளி தரும் எல்இடி விளக்கும், ஒரு கிலோவுக்குப் பன்மடங்கு ஆற்றலைத் தேக்கும் லித்தியம் மின்கலமும் அந்தச் சுமையைக் கையில் ஏந்தும் அளவுக்குக் குறைத்துவிட்டன. ஆயினும் விடியற்காலைக் குளிரில் மின்கலத்தின் திறன் குறையும் என்பதால், கணக்கிட்டதற்கு மேல் சற்று இருப்பு வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இவ்விளக்குகளின் பயனை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ஆல்புகெர்க்கி நகரில் தெளிவாகக் காணலாம். 1972இல் 13 பலூன்களுடன் தொடங்கிய அந்நகரின் பலூன் விழாவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த இரு பலூனோட்டிகள் நிலைகாட்டும் விளக்கு அமைப்பை உருவாக்கியதையடுத்து, 1978 முதல் ‘விடியல் ரோந்து’ என்ற பறத்தல் நடைபெற்று வருகிறது. கதிரவன் எழுமுன் ஏறும் இச்சில பலூன்கள் எந்த உயரத்தில் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதை விளக்குகளின் நகர்வைக் கொண்டே கீழிருப்போர் அறிந்து, பின்னர் ஏறும் பெருந்திரளுக்குக் காற்றின் போக்கைக் கணிக்கின்றனர். தாழ்வில் தெற்கு நோக்கியும் மேலே வடக்கு நோக்கியும் காற்று வீசும் நாள்கள் அங்கு உண்டு என்பதால், இந்த முன்னறிவு மிகவும் மதிப்புடையது.

எனினும் இவ்விளக்கு பிறர் காண்பதற்கானதே ஒழிய, பலூனோட்டி பார்ப்பதற்கானதன்று. பலூனுக்குப் பேராபத்தான மின்கம்பிகளை அது இருளில் காட்டித் தராது. ஆகவே விடியுமுன் ஏறியவர்கள், தரை தெளிவாகத் தெரியும்வரை வானிலேயே இருக்கும் அளவுக்கு எரிவாயு கொண்டுசெல்கின்றனர்; கூடைக்குள் அளவுமானிகளைப் படிக்கவும், இருளுக்குப் பழகிய கண் கூசாதிருக்க மங்கிய சிவப்பு ஒளியையே பயன்படுத்துவது நல்லது. வெளிச்சம் வந்து இறங்கும் இடம் தெரிந்தபின், தொங்கும் கம்பி எதிலும் சிக்காதபடி, விளக்குகள் கூடைக்குள் சுருட்டி எடுக்கப்படுகின்றன.