மின்சார கார்களின் எடை கூடுவது ஏன்? குறைக்கும் முயற்சிகள் என்னென்ன?

ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கி.மீ. ஓடும் என்பதே மின்சார கார் வாங்குவோர் கேட்கும் முதல் கேள்வி. அந்த எதிர்பார்ப்பே காரின் எடையையும் கூட்டி வருகிறது.

ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. ஒரு கிலோ லித்தியம் அயனி மின்கலத்தில் சேமிக்கப்படுவதோ சுமார் கால் கிலோவாட் மணி அல்லது அதற்கும் குறைவு. மின்மோட்டாரின் செயல்திறன் இந்த இடைவெளியைக் குறைக்கிறதே தவிர, முற்றிலும் நிரப்புவதில்லை. 40 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 30 கிலோ. 30 கிலோவாட் மணி பேட்டரியின் எடை 200 கிலோவைத் தாண்டக்கூடும். அதைச் சுமக்க வலுவான அடிச்சட்டம், பெரிய பிரேக், தடித்த டயர் தேவைப்படுவதால் எடை மேலும் ஏறுகிறது.

நெடுஞ்சாலை வேகத்தில் ஆற்றலைப் பெரிதும் விழுங்குவது காற்றின் எதிர்ப்பு. நகர நெரிசலிலோ, நின்று நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் எடைதான் விலை கேட்கிறது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தை மீட்கும் வசதி இருந்தாலும், இழந்தது முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை.

கார்பன் இழை உடலுடன் 2013-இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 சுமார் 1,200 கிலோவில் நின்றது. ஆனால் அந்தப் பொருளின் விலை அதிகம். 2022-இல் காரின் உற்பத்தியே முடிவுக்கு வந்தது. அதைவிடப் பயனளித்தது பேட்டரிக்குள் நடந்த மாற்றம். முன்பு மின்கலங்கள் சிறு பெட்டிகளில் அடுக்கப்பட்டு, அவை மீண்டும் ஒரு பெரிய பெட்டியில் வைக்கப்பட்டன. சீனாவின் பிஒய்டி 2020-இல் அறிமுகப்படுத்திய 'பிளேடு' பேட்டரியில் இடைப்பெட்டிகள் இல்லை. இதனால், பாதுகாப்பானதும் மலிவானதுமான, ஆனால் எடை மிகுந்த இரும்பு பாஸ்பேட் மின்கலங்களும் கார்களுக்கு ஏற்றவையாயின. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களில் இவ்வகை மின்கலங்களே உள்ளன. மறுபுறம், 3 மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள எம்ஜி காமெட், 17.3 கிலோவாட் மணி பேட்டரியுடன் நகரப் பயணத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது.

எடை, காரில் அமர்ந்திருப்பவரின் கவலை மட்டுமல்ல. 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஒரே வேகத்தில் செல்லும் இரு கார்களில், கனமானதன் மோதல் ஆற்றலே அதிகம்.

எரிபொருள் சிக்கன விதிகளும் எடையைச் சார்ந்தே அமைந்துள்ளன. கனமான கார்களை விற்கும் நிறுவனத்துக்குச் சற்றுத் தளர்வான உமிழ்வு வரம்பு கிடைக்கிறது. அடுத்தகட்ட விதிகளில் சிறிய கார்களுக்கு எடை அடிப்படையில் சலுகை அளிக்கலாமா என்பதில் உற்பத்தியாளர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது.